கண்ணாடிப் பாக்கெட்

அமெரிக்காவில் சின்ன தொண்டு நிறுவனம் நடத்துறவங்க நிதி தேடும்போது பலரும் போன இடம், ஃபவுண்டேஷன் டைரக்டரி என்கிற ஆன்லைன் டேட்டாபேஸ். எந்த அறக்கட்டளை யாருக்கு, எதுக்கு, எவ்வளவு கொடுத்ததுன்னு அதில் தேட முடிஞ்சது. நிதி கேட்கிறவங்களுக்காகவே ஆரம்பிச்சதுன்னு தோணும், இல்லையா? இதன் வேர் பயத்தில் இருக்கு.

1952. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். அறக்கட்டளைப் பணம் தேசவிரோதிகளுக்குப் போகுதான்னு அமெரிக்க காங்கிரஸின் குழு ஒன்று விசாரித்தது. அங்கே சாட்சி சொன்ன கார்னகி கார்ப்பரேஷனின் ரஸ்ஸல் லெஃபிங்வெல், அறக்கட்டளைகளுக்குக் கண்ணாடிப் பாக்கெட் இருக்கணும் என்றார். பையில் கைவிட வந்தவங்ககிட்ட, வெளியே நின்னே பார்த்துக்கோங்கன்னு சொன்ன மாதிரி. கெட்டிக்காரத்தனம்னுதான் நான் சொல்வேன்.

1956இல் நியூயார்க்கில் ஃபவுண்டேஷன் லைப்ரரி சென்டர் வந்தது. 1960இல் முதல் டைரக்டரி, அச்சுப் புத்தகமாக.

இன்னிக்கு அந்தக் கண்ணாடி, 990-பிஎஃப் என்கிற வரிப் படிவம். தனியார் அறக்கட்டளை கொடுத்த மானியங்கள், வாங்கினவங்க பெயரோடும் தொகையோடும் அதில் இருக்கணும், யாரும் பார்க்கலாம். ஒரு அறக்கட்டளை தன்னைப் பற்றி என்ன சொல்லிக்குதுங்கிறதைவிட, போன வருஷம் உங்களை மாதிரி யாருக்குக் கொடுத்ததுங்கிறதுதான் உதவும்.

2019இல் அந்த அமைப்பு கைட்ஸ்டாரோடு இணைந்து கேண்டிட் ஆனது. முழுத் தேடலுக்குச் சந்தா கட்டணும். சந்தாவுக்கே காசில்லாதவங்கதானே நிதி தேடுறாங்க! நல்லவேளை, அங்கே பல பொது நூலகங்களில் இதை இலவசமாகத் திறந்து தர்றாங்க.