முதல் வாரத் தாள்: அமெரிக்க வரலாற்று வகுப்பின் விதிகளும் வரலாற்று முறையும்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் உயர்நிலைப் பள்ளியில் ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடமாக அமெரிக்க வரலாறு படித்த மாணவர் ஒருவர், சக மாணவருடன் சேர்ந்து ஓர் ஆவணப்படத்துக்கு உரை எழுத முனைந்தார். பொருள்: கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பாரின் குடிமை உரிமைப் பணி. அந்த எழுத்து செயற்கை நுண்ணறிவின் ஆக்கமாக இருக்கலாம் என்று மென்பொருள் எச்சரித்தது. ஆசிரியர் கோப்பின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தார். மற்றவர்கள் 7 முதல் 9 மணி நேரம் செலவிட்டிருந்த வேலைக்கு இங்கே ஏறத்தாழ 52 நிமிடமே ஆகியிருந்தது. சான்றாகக் காட்டிய நூல்களில் சில, யாரும் எழுதாதவை.

மதிப்பெண் குறைந்தது. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து அமர வேண்டிய தண்டனையும் கிடைத்தது. அந்த ஆண்டின் மாணவர் கையேட்டில் செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சே இல்லை என்று கூறிப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2024 நவம்பர் 20 அன்று கூட்டாட்சி நீதிமன்ற நடுவர் பால் லெவன்சன் இடைக்காலத் தடை தர மறுத்தார். கையேடு சொல்லாவிட்டாலும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய எழுத்துமூல விதி ஆங்கில வகுப்பில் மாணவருக்கு முன்பே தரப்பட்டிருந்தது. இல்லாத நூலைச் சான்றாகக் காட்டுவது எந்தக் காலத்திலும் தவறு என்பதற்குத் தனி விதி தேவைப்படவும் இல்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒவ்வோர் ஆசிரியரும் முதல் வாரத்தில் ஒரு தாளைக் கொடுப்பார். மதிப்பெண் எப்படிப் பிரியும், தாமதத்துக்கு எவ்வளவு கழியும், பார்த்து எழுதினால் என்ன ஆகும் என்பன அதில் இருக்கும். பெற்றோர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கல்வி ஆய்வுகள் பாடநூலையும் மாநிலப் பாடத்திட்டத்தையும் அலசிய அளவுக்கு இந்தத் தாளைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் வரலாறு எத்தகைய அறிவு என்ற கேள்விக்கு ஓர் ஆசிரியர் தரும் உண்மையான விடை இந்தத் தாளில்தான் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த விடை, வரலாற்றாய்வாளரைப் போலச் சிந்திக்கக் கற்பிப்போம் என்று தாளின் முதல் பத்தி தரும் வாக்குறுதிக்குப் பெரும்பாலும் முரணாக இருக்கிறது.

முரணின் வேர் பழையது. 1906இல் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தபோது, கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு பொது அளவுகோலை நிபந்தனையாக்கியது. ஒரு பாடத்தில் ஆண்டுக்கு 120 மணி நேர வகுப்பு, ஓர் அலகு. ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த இந்த அளவு, பள்ளிப் படிப்பையே இருக்கையில் அமர்ந்த நேரத்தால் அளக்கும் பழக்கமாக நிலைத்தது. பாடத்தின் இடத்தை முடிவு செய்தவர்கள் வேறு. 1899இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் எழுவர் குழு, பண்டைய உலகில் தொடங்கி அமெரிக்காவில் முடியும் நான்கு ஆண்டு வரிசையைப் பரிந்துரைத்தது. 1916இல் தேசியக் கல்விச் சங்கத்தின் சமூக அறிவியல் குழு அதைச் சுருக்கி மாற்றி அமைத்தது. கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் இன்றும் அமெரிக்க வரலாறு பெரும்பாலும் 11ஆம் வகுப்பில் அமைந்திருப்பது அந்த மரபின் தொடர்ச்சி. ஆக, வகுப்பின் உள்ளடக்கம் அறிஞர் குழுக்களிடமிருந்தும் கணக்குமுறை நிர்வாகத்திடமிருந்தும் வந்தன. முதல் வாரத் தாளில் இரண்டும் ஒட்டாமல் அருகருகே கிடக்கின்றன.

மதிப்பெண் பகுதியைப் பார்த்தால் இது துலங்கும். ஏபி அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் 55 கொள்குறி வினாக்களுக்கு 40 விழுக்காடு, 3 குறுவிடைகளுக்கு 20, ஆவண அடிப்படை வினாவுக்கு 25, நெடுங்கட்டுரைக்கு 15. ஆவண வினாவில் 7 ஆவணங்கள் தரப்படும். மொத்தம் 7 புள்ளிகள். வாதத்துக்கு ஒன்று, காலச் சூழலுக்கு ஒன்று, சான்றுகளுக்கு மூன்று, பகுப்பாய்வுக்கு இரண்டு. ஆவணத்தை எழுதியவர் யார், எவருக்காக, எந்த நோக்கத்தில் என்ற கேள்விக்கே தனிப் புள்ளி உண்டு. குறிப்பேட்டின் ஒழுங்குக்கோ, கையைத் தூக்கிப் பேசியதற்கோ, குறித்த நாளில் கொடுத்ததற்கோ எதுவும் இல்லை. அதே பாடத்தின் வகுப்புத் தாளில் வீட்டுப்பாடம், பங்கேற்பு, குறிப்பேடு ஆகியவை கணிசமான பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். நாளொன்றுக்கு 10 விழுக்காடு என்ற தாமதக் கழிவும் அரிதானதல்ல.

இந்தக் கழிவுகள் என்ன செய்கின்றன என்பதற்கு எளிய கணக்குப் போதும். ஐந்து கட்டுரைகளில் நான்குக்கு 85 பெற்ற மாணவர் ஒன்றைக் கொடுக்கத் தவறினால், பூச்சியம் சேர்ந்து சராசரி 68 ஆகிறது. வழக்கமான தரவரிசையில் அது ‘பி’யிலிருந்து ‘டி’க்கு இறங்குவது. அதே பதிவை 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் இட்டால் 2.4 வருகிறது, அது ‘சி’க்கு மேல். மாணவரின் வரலாற்றறிவு இரண்டு கணக்கிலும் ஒன்றேதான். 60க்குக் கீழே உள்ள அனைத்தையும் தோல்விக்கு ஒதுக்கிவிட்ட அளவுகோல்தான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. அறிவுப் பகுதியை மட்டும் அளந்தாலும் ஐயம் தீர்வதில்லை. 1913இல் விஸ்கான்சினில் ஸ்டார்ச், எலியட் என்ற ஆய்வாளர் இருவரும் ஒரே வரலாற்று விடைத்தாளின் படிகளைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒருவரிடம் தோற்ற தாள் இன்னொருவரிடம் நல்ல மதிப்பெண்ணுடன் தேறியது.

மாற்றுவழியாக மதிப்பெண் முறை பற்றிய ஜோ ஃபெல்ட்மனின் 2018ஆம் ஆண்டு நூலைத் தொடர்ந்து பல மாவட்டங்கள் குறைந்தபட்சம் 50 என்ற விதியை முயன்றன. எதிர்ப்பும் வலுவானது. 2025 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் ஃபெல்ட்மன் வழியிலான மதிப்பெண் திட்டத்தை அறிவித்த வேகத்திலேயே கைவிட்டது. எழுதாத கட்டுரைக்கு 50 எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எழுதாத கட்டுரைக்குப் பூச்சியமும் ஓர் அளவீடு ஆகாது. சான்று இல்லாத இடத்தில் வரலாற்றாய்வாளர் முடிவு சொல்வதில்லை. நிரப்ப வேண்டிய இடைவெளி என்று குறித்து வைப்பார். ‘முடிக்கப்படவில்லை’ என்ற குறிப்பும், முடிக்கும்வரை கட்டாய நேரமும், நடத்தைக்குத் தனிப் பத்தியும் இந்த நெறிக்குப் பொருந்துகின்றன. தாமதத்தை மன்னிப்பது இதன் பொருளல்ல. அறிவின் மதிப்பெண்ணுக்குள் அதை ஒளித்து வைக்காதிருப்பதே பொருள்.

சான்று காட்டும் விதியில்தான் முரண் கூர்மையாகிறது. பெரும்பாலான தாள்கள் அதை ‘நேர்மை’ என்ற தலைப்பின் கீழ், தண்டனைப் பட்டியலுடன் வைக்கின்றன. மேற்கோள் குறி என்பது திருடவில்லை என்ற உறுதிமொழி என்றே மாணவர் புரிந்துகொள்கிறார். கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு வேறு பாதையைக் காட்டுகிறது. 1775இல் லெக்சிங்டனில் நடந்த மோதல் பற்றிய ஆவணங்களை 8 வரலாற்றாய்வாளர்களிடமும் 8 பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து உரக்கச் சிந்திக்கச் சொன்னார். ஆய்வாளர்களின் கண் முதலில் ஆவணத்தின் அடிக்குப் போனது: எழுதியவர் யார், எந்த நாள்? மாணவர்களோ பெரும்பாலும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை பாடநூலைப் போலப் படித்தார்கள்.

ஹிங்கம் ஆசிரியர் செய்தது ஆய்வாளரின் வேலை. கையில் கிடைத்த எழுத்து எப்போது, எவ்வளவு நேரத்தில், எந்தச் சான்றுகளைக் கொண்டு உருவானது என்று விசாரித்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட அந்த முறை, வகுப்பின் அன்றாட விதியாக இருந்திருக்க வேண்டியது. 1974இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய தேசிய வரலாற்று நாள் போட்டி ஏற்கெனவே இதைக் கேட்கிறது: முதன்மைச் சான்று, துணைச் சான்று எனப் பிரித்த, ஒவ்வொன்றும் எப்படி உதவியது என்ற குறிப்புடன் கூடிய நூற்பட்டியல். செயற்கை நுண்ணறிவை மென்பொருளால் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோ நிலைக்கவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. வரைவுகளையும் குறிப்புகளையும் கேட்டு, அவற்றுக்கு மதிப்பெண் தரும் விதி இதைவிட உறுதியானது.

சர்ச்சைக்குரிய பொருள்களைப் பற்றிய விதியை ஆசிரியர் மட்டும் எழுதுவதில்லை. 2014 செப்டம்பரில் கொலராடோவின் ஜெஃபர்சன் மாவட்டத்தில், பாடப்பொருள் நாட்டுப்பற்றையும் அதிகாரத்துக்கு மரியாதையையும் வளர்க்க வேண்டும், சட்ட மீறலை ஊக்குவிக்கக் கூடாது என்ற முன்மொழிவு கல்வி வாரியத்தில் வந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் வாரியத்தின் பெரும்பான்மை உறுப்பினர் மூவரையும் வாக்காளர்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்தனர். 2021இல் டெக்சாஸ் சட்டமன்றம் நேராக மதிப்பெண் ஏட்டுக்குள்ளேயே நுழைந்தது: சட்டமன்ற உறுப்பினரிடம் கோரிக்கை வைக்கும் செயற்பாட்டுக்குப் பாடமதிப்போ கூடுதல் மதிப்பெண்ணோ தரக்கூடாது. சர்ச்சைக்குரிய விவகாரத்தைப் பேசினால் மாறுபட்ட பார்வைகளைச் சமமாக வைக்க வேண்டும் என்ற பிரிவும் அதில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சவுத்லேக் நகரில் ஒரு கல்வி அலுவலர், யூதப் படுகொலை பற்றிய நூல் வைத்தால் எதிர்ப்பார்வை நூலும் வைக்கச் சொல்லி ஆசிரியர்களைத் திகைக்க வைத்தார். மாவட்டம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. பார்வைகளை எண்ணிக்கையால் சமன்செய்யும் விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது காட்டியது. சான்றின் எடையைக் கேட்கும் விதிக்கு அந்தத் தடுமாற்றம் வராது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. 30 பேர் கொண்ட ஐந்து பிரிவுகளுக்குக் கற்பிப்பவருக்கு 150 கட்டுரைகள். ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலே 25 மணி நேரம். தேதி தவறினால் கழிவு என்பது அந்தச் சுமையில் பிறந்த தற்காப்பு. அதைக் குறைசொல்லிவிட்டு நகர முடியாது. அளவைக் குறைப்பதே விடை: பருவத்துக்கு இரண்டே நெடுங்கட்டுரைகள், அவற்றுக்கிடையே ஒரு பக்கத்தில் ஓர் ஆவணத்தை மட்டும் எடைபோடும் குறிப்புகள். ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘வரலாற்றாய்வாளரைப் போல் வாசித்தல்’ பாடங்கள் இந்த அளவிலேயே அமைந்தவை, கட்டணமின்றிக் கிடைப்பவை.

எனவே முன்மொழிவு மூன்று: நடத்தையையும் அறிவையும் தனித்தனிப் பத்தியில் பதிவது, சான்று விதியைத் தண்டனைப் பகுதியிலிருந்து பாடமுறைப் பகுதிக்கு மாற்றி, வரைவுகளுக்கு மதிப்பெண் தருவது, சர்ச்சைக்குரிய பொருளில் கருத்துக்கல்லாமல் சான்றுக்கு மதிப்பெண் என்று எழுதிவைப்பது. மூன்றில் எதற்கும் புதிய சட்டமோ புதிய பாடநூலோ தேவையில்லை. டெக்சாஸின் கட்டுப்பாடுகளும் இவற்றைத் தடுக்கவில்லை. பலன் தருகிறதா என்று பார்ப்பதும் எளிது. பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் முன்பின் அறியாத ஓர் ஆவணத்தைக் கொடுத்து, எத்தனை மாணவர்கள் முதலில் எழுதியவரையும் நாளையும் தேடுகிறார்கள் என்று ஆசிரியரே கணக்கெடுக்கலாம்.