மாட்டு மருந்து அலமாரி

கால்நடை மருந்தும் சேர்த்து விற்கிற மெடிக்கல் ஷாப்புக்குப் போனால், உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மாட்டு மருந்துக்கென்று தனி அலமாரி இருக்க வேண்டும். 'மனித உபயோகத்துக்கு அல்ல' என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மருந்து டப்பாவிலும் அதே எச்சரிக்கை. கூடவே வீட்டு விலங்கு ஒன்றின் தலைப் படம்! 1940-ம் வருடத்து மருந்துச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை.

காரணம் நியாயமானது. மாட்டு மருந்து தப்பித்தவறி மனிதன் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது. சரி... மனித மருந்து மாட்டுக்குப் போனால்? 'போனா என்ன, வலி எல்லாருக்கும் ஒண்ணுதானே!' என்று சும்மா இருந்துவிட்டோம். அந்த 'போனா என்ன'வுக்கு இந்தத் தேசம் கொடுத்த விலை சாதாரணமானதல்ல.

ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயம் தெரியுமல்லவா? 1990-களில் அங்கே பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் விபு பிரகாஷ். பாறு கழுகுகள் கழுத்தைத் தொங்கப்போட்டபடி மரக்கிளையில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். பிறகு பொத்தென்று விழுந்து செத்தன. கூடுகள் காலியாகின. 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்தன என்று வைத்துக்கொண்டால், 2007-ல் மிஞ்சியது ஒன்றே ஒன்று!

ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. அங்குள்ள பஞ்சாபில் செத்த கழுகுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் குழு அறுத்துப் பார்த்தது. உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம். சிறுநீரகம் காலி! அந்தச் சிறுநீரகங்களில் சிக்கியது, டைக்ளோஃபினாக். நாம் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்கிற அதே மருந்து. 2004-ல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது.

நடந்தது இதுதான். மாடு நொண்டுகிறது, மடி வீங்கிக் காய்ச்சல். விலை மலிவான ஊசி, போட்டாயிற்று. ஓரிரு நாளில் மாடு செத்துப்போகிறது. ஊருக்கு வெளியே போடுகிறார்கள். மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. ஒரு சடலத்தில் ஒரு கூட்டமே இறங்கிச் சாப்பிடும். அதனால், நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கழுகு போனால் நமக்கென்ன? சடலங்கள் அழுகிக் கிடந்தன, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடி. 2000 முதல் 2005 வரை மட்டும் இதனால் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்கிறது, இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோர் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. மனிதனைக் காப்பாற்றத்தானே அந்தத் தனி அலமாரி? ஆபத்து கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தது!

2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை அரசு தடை செய்தது. கதை முடிந்ததா? இல்லை. 2007-க்கும் 2010-க்கும் இடையில் 11 மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகளில் விசாரித்துப் பார்த்தார்கள். 36 சதவிகிதக் கடைகளில் அந்த மருந்து இருந்தது. மனிதர்களுக்கான மருந்தையே மாட்டுக்கு எடுத்துக் கொடுத்தார்கள்!

மனிதனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். ஆனால், கடையில் 30 மில்லி குப்பி கிடைத்தது. அத்தனை பெரிய குப்பி மாட்டுக்குத்தான் வசதி. 2015-ல் மத்திய அரசு, 'இனி ஒரு வேளைக்கான 3 மில்லி குப்பி மட்டுமே' என்றது. தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். எங்கே தெரியுமா? நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில்! 2017-ல் அரசு உத்தரவு செல்லும் என்று தீர்ப்பானது.

அதற்குள் மாற்று மருந்து என்ற பெயரில் அசெக்ளோஃபினாக் வந்துவிட்டது. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது! 2023-ல் அதையும் கீட்டோபுரோஃபெனையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அடுத்து நிமிசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இத்தனைக்கும், கழுகுகளைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது என்று 2006-லேயே விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்.

ஆக, டெல்லியில் போடுகிற உத்தரவு உயிர் பெறுவதும் சாவதும் கடை கவுன்ட்டரில்தான். "அண்ணே, மாடு கால் ஊன மாட்டேங்குது... ஏதாச்சும் ஊசி குடுங்க" என்று ஒருவர் வந்து நிற்கிறார். "டாக்டர் சீட்டு எங்கே? மனுஷ மருந்தெல்லாம் மாட்டுக்குத் தர முடியாதுங்க" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். சீட்டு, பில், தனி அலமாரி - வெறும் சம்பிரதாயமாகத் தெரிகிற மூன்று விஷயங்கள்.

நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னமும் பாறுகள் கூடு கட்டுகின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடு வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் ஊசி வாங்கப் போகிற கடையில் என்ன பதில் கிடைக்கிறது என்பதில்தான் அந்தக் கூடுகளின் விதி இருக்கிறது.