குந்தவை: ஒரு பெண்பெயரின் பொருளும் வரலாறும்

முன்னுரை

கேட்டவுடன் தமிழறிந்தோர் பலரும் இன்னாரென உணர்ந்துகொள்ளும் பெயர், ஆயினும் பெற்றோர் மிகச் சிலரே தம் மகளிர்க்குச் சூட்டும் பெயர், குந்தவை என்பதாகும். சோழர் வரலாற்றைக் கற்றோர் இப்பெயரை அறிவர்; கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படித்தோர் இதனை மறவார். எனினும் நம் பள்ளிப் பதிவேடுகளில் இப்பெயரைக் காண்பது அரிது. மகளுக்கு இப்பெயரை இட விரும்பும் பெற்றோர் சிலர் தமிழாசிரியரை அணுகி, இதன் பொருள் யாது, இது தமிழ்ப்பெயர்தானா என்று வினவுவதுண்டு. அவ்வினாக்களுக்கு அகராதியை மட்டும் கொண்டு விடை கூறிவிட இயலாது. பெயர் வழங்கிவந்த வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

இக்கட்டுரையில் குந்தவை என்னும் பெயரின் பொருள், தோற்றம், வழக்கு ஆகியவற்றைக் கல்வெட்டுச் செய்திகளின் துணைகொண்டு ஆராய்கின்றோம். இப்பெயர் இராசராசனின் தமக்கை ஒருவருக்கே உரியதன்று. மணவுறவின் வழியே அரசகுடிகளுக்கிடையில் சென்றும் மீண்டும், தலைமுறைதோறும் காக்கப்பெற்ற பெயர் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

பெயரின் அமைப்பும் பொருளும்

குந்தவை என்னும் சொல் இரு கூறுகளை உடையது. அவற்றுள் பின்னது 'அவ்வை' என்பதாகும். தாய், மூத்த பெண், மதிப்பிற்குரிய பெண் ஆகிய பொருள்களில் இச்சொல் தமிழில் தொன்றுதொட்டு வழங்கிவருகின்றது. கன்னடத்தில் 'அவ்வெ', 'அப்பெ' என்றும், தெலுங்கில் 'அவ்வ' என்றும் இதன் இனச்சொற்கள் உள்ளன. பெண்பெயர்களின் ஈற்றில் இச்சொல்லைச் சேர்த்து வழங்குதல் கன்னட நாட்டில் பெருவழக்காக இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் இரன்னரை ஆதரித்த சமணப் பெருமாட்டி அத்திமப்பெயின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். தமிழில் கொற்றவை என்னும் தெய்வப் பெயரும் இவ்வமைப்பினதே. பழைய கல்வெட்டு வழக்கில் 'குந்தவ்வை' என வகரம் இரட்டித்து வருதல் இப்பகுப்பை உறுதிசெய்கின்றது. அவ்விரட்டிப்புப் பிற்காலத்தில் குறைந்து 'குந்தவை' என நின்றது.

முன்னைய கூறாகிய 'குந்தம்' பல பொருள் தரும் ஒருசொல். வேல், குருந்த மரம் ஆகிய பொருள்களில் இது வழங்கும். வெண்ணிற மல்லிகை வகையொன்றைக் குறிக்கும் வடசொல்லும் தமிழில் இவ்வடிவே பெறும். ஆகவேதான் இப்பெயருக்கு 'வேலேந்திய நங்கை' என ஒரு சாராரும், 'மல்லிகை அனையாள்' எனப் பிறிதொரு சாராரும் பொருள் கூறுவர். கல்வெட்டுகள் பெயரைப் பொறிக்கின்றனவேயன்றிப் பெயருக்கு விளக்கம் தருவதில்லை. எனவே பின்னைய கூற்றின் பொருளை உறுதியாகவும், முன்னைய கூற்றின் பொருள்களை இயலக்கூடியவையாகவும் மாணவர்க்கு எடுத்துரைத்தலே முறையாகும். பேச்சுவழக்கில் உட்காருதலைக் குறிக்கும் 'குந்து' என்னும் வினையை இப்பெயரோடு இணைத்துச் சிறுவர் நகையாடுவதுண்டு. இரண்டிற்கும் தொடர்பில்லை என்பதைப் பெயரின் பகுப்பைக் கொண்டே ஆசிரியர் விளக்கிவிடலாம்.

அரசகுடிகளுக்கிடையே பெயரின் செலவு

ஒன்பதாம் நூற்றாண்டில் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதியின் மகள் குந்தவ்வை என்னும் பெயருடையவள். பாணர் குடியில் மணம் செய்துகொடுக்கப்பெற்றவள். சோழர் எழுச்சிக்கு வழிவகுத்த திருப்புறம்பியப் போரில் உயிர்நீத்தவன் இப்பிருதிவிபதியே. ஆகவே சோழ அரண்மனையில் இப்பெயர் புகழ்பெறுவதற்கு முன்னரே கங்கர், பாணர் குடிகளில் இது வழங்கியது என்பது தெளிவாகின்றது.

சோழர் குடியில் அரிஞ்சயனின் தேவியருள் ஒருவர் வீமன் குந்தவையார். வீமன் என்பது வேங்கிக் கீழைச் சாளுக்கிய மன்னர் சிலர் தாங்கிய பெயராதலின், இவ்வரசி அக்குடியிற் பிறந்தவராதல் கூடும் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். அவனுடைய தாய் வைதும்பர் குடியைச் சார்ந்த கல்யாணி என அன்பில் செப்பேடு கூறுகின்றது. எனவே சுந்தர சோழனின் மகளாகிய புகழ்மிக்க குந்தவைக்கு வீமன் குந்தவையார் நேர்ப்பாட்டி ஆகார்; பாட்டி முறையினர் ஆவர்.

சுந்தர சோழனின் மகள் பெயரை இராசராசன் (கி.பி. 985–1014) தன் மகளுக்கும் இட்டான். அவ்விளைய குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்து வடக்கே சென்றாள். அவளுடைய மகனே நன்னயரைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கில் இயற்றத் தூண்டிய இராசராச நரேந்திரன். அவன் தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தாங்கினான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இராசராச நரேந்திரனின் மகனே கி.பி. 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனுடைய தங்கையின் பெயரும் குந்தவை. பாட்டியின் பெயர் பேத்திக்கு வந்தது. வேங்கிக்குச் சென்ற பெயர் சோழ நாட்டிற்கு மீண்டது.

பேரன், பேத்தி என நாம் வழங்கும் சொற்கள் 'பெயரன்', 'பெயர்த்தி' என்பவற்றின் திரிபுகள். முன்னோர் பெயரைத் தாங்குவோர் என்பதே அவற்றின் பொருள். தமிழர் உறவுமுறைச் சொல்லே சுட்டும் இவ்வழக்கிற்குக் குலோத்துங்கனின் தங்கை பெயரைக் காட்டிலும் தெளிவான சான்று காண்டல் அரிது.

தந்தை பெயரொடு சார்ந்த மகளிர் பெயர்

கல்வெட்டுகளில் இம்மகளிர் குறிக்கப்பெறும் முறையும் ஆராயத்தக்கது. வீமன் குந்தவை, பராந்தகன் குந்தவை, இராசராசன் குந்தவை எனத் தந்தையின் பெயரை முன்வைத்தே அவை கூறுகின்றன. சுந்தர சோழனுக்குப் பராந்தகன் என்பதும் பெயராதலின் அவர் மகள் பராந்தகன் குந்தவை ஆயினார். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்னும் குறிப்பும் தஞ்சைக் கல்வெட்டுகளில் உண்டு. எனினும் மணத்தால் அவருடைய பெயர் மாறிவிடவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப்பெண் ஒருவரின் பெயர் இன்னார் மகள் எனத் தந்தை பெயரொடு சார்த்தியே பதிவு செய்யப்பெறுவதை நாம் அறிவோம். மலேசிய ஆவணங்களில் இரு பெயர்களுக்கும் இடையே நிற்கும் 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்த் தொடரின் பொருளும் மகள் என்பதே. இம்முறை காலனிய அலுவலர் வகுத்த வெறும் பதிவுமுறை என எண்ணுவோர் உளர். பதிவுத் தொடர் பிற்காலத்தது. ஆயின் தந்தை பெயரை முன்னிட்டு மகளைச் சுட்டும் வழக்கு ஆயிரமாண்டுப் பழமையுடையது.

பெயருக்கு உரியோர் ஆற்றிய பணி

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1010–11) ஆணையிட்டான். அவ்வாணையில் மன்னன் கொடுத்தவற்றை அடுத்து 'அக்கன்' கொடுத்தவையும், அதன் பின்னரே தேவியரும் பிறரும் கொடுத்தவையும் வரிசைப்படுத்தப்பெற்றுள்ளன. தேவியர்க்கு முன்னர் வைத்து எண்ணப்பெற்ற இத்தமக்கையார் தம் தாய் தந்தையரின் திருமேனிகளை அக்கோயிலில் எழுந்தருளச் செய்தார். தஞ்சையில் தம் தந்தையின் பெயரால் அமைந்த ஆதுலர் சாலைக்கும் கொடையளித்தார். இன்றைய திண்டிவனம் வட்டாரத்துத் தாதாபுரத்தில் சிவன் கோயில், திருமால் கோயில், சமணப் பள்ளி ஆகிய மூன்றையும் அவரே எடுப்பித்தார். அவற்றுள் திருமால் கோயில் குந்தவை விண்ணகரம் எனவும், சமணப் பள்ளி குந்தவை சினாலயம் எனவும் பெயர் பெற்றன.

குலோத்துங்கனின் தங்கை தில்லைக் கோயிலுக்குச் செய்த கொடைகளைக் கூறும் கி.பி. 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு நமக்குத் தனிச் சிறப்புடையது. காம்போச அரசன் சோழ மன்னனுக்குக் காட்சிப்பொருளாக அளித்த கல்லொன்று அக்கோயிலில் பதிக்கப்பெற்ற செய்தி அதில் இடம்பெறுகின்றது. காம்போசம் என்பது கெமர் நாடு என்பர் வரலாற்றறிஞர். தென்கிழக்காசியாவுக்கும் சோழ நாட்டிற்கும் இருந்த உறவின் அரிய குறிப்பொன்று குந்தவை என்னும் பெயருடைய பெண்ணின் கொடைச் சாசனத்தோடு சேர்ந்தே நமக்குக் கிடைத்துள்ளது.

புதினத்தால் பெற்ற புகழ்

கல்வெட்டுகளில் உறைந்திருந்த இப்பெயரைப் பொதுமக்கள் நாவில் வழங்கச் செய்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' குந்தவையை அறிவுக்கூர்மை மிக்க இளைய பிராட்டியாகப் படைத்துக் காட்டியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த திரைப்படம் புதினத்தைப் படியாத இளையோரிடமும் இப்பெயரைக் கொண்டுசேர்த்தது.

புதினம் அளித்த புகழ் போற்றத்தக்கதே. ஆயினும் அதனால் விளைந்த குறையொன்றும் உண்டு. குந்தவை என்றால் ஒருவரே என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அவருக்கு முன்னும் பின்னும் அப்பெயரைத் தாங்கிய மகளிர் மறக்கப்பட்டனர். மாபெரும் அரசியின் தனிப்பெயராகிவிட்ட ஒன்றைத் தம் மகளுக்கு இடப் பெற்றோர் தயங்குவதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமாகலாம். அன்றைய மக்களுக்கோ அது பாட்டியின் பெயராகவும் அத்தையின் பெயராகவுமே இருந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குந்தவை என்னும் பெயர் 'அவ்வை' என்னும் தொன்மையான திராவிடச் சொல்லை ஈறாகக் கொண்டது என்பதும், கங்கர், பாணர், சோழர், வேங்கிச் சாளுக்கியர் ஆகிய குடிகளில் வழங்கியது என்பதும், பெயரிடும் மரபால் தலைமுறை கடந்து நின்றது என்பதும் பெறப்படும். இது தமிழ்ப்பெயர்தானா என்னும் வினாவிற்கு, தமிழும் கன்னடமும் தெலுங்கும் பங்கிட்டுக்கொண்ட பெயர் என்பதே நேர்மையான விடையாகும். அதனால் அப்பெயருக்கு எவ்விதக் குறைவும் இல்லை.

எண்கணிதம் பார்த்தும் ஒலிப்புதுமை கருதியும் பெயரிடும் வழக்கு பெருகியுள்ள இந்நாளில், பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் மரபு நம்மிடையே அருகிவருகின்றது. குந்தவை என்னும் பெயரை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் ஒவ்வொருவரிடமும் அவர்தம் பாட்டியின் பெயரைக் கேட்டெழுதச் செய்தல் நன்று. தோட்டப்புறங்களில் வாழ்ந்து மறைந்த மகளிரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பெறவில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு பேரர்க்கும் பேத்தியர்க்கும் உரியது.