கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஆபத்துக்காலக் கடமைகள்

சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கியது. ஒரே தடத்தில் சில நிமிட இடைவெளியில் வண்டிகள் வரும். அடுத்த தடத்தில் எதிர்த்திசை வண்டிகள் விரையும். அதனால் இங்கே ஒரு வண்டி தடம் புரண்டால், காயம்பட்டவரைத் தூக்குவதற்கு முன்பே வேறு வண்டி வராமல் தடுத்தாக வேண்டும். இரக்கமற்றதாகத் தோன்றும் இந்த விதிதான் மிக அதிக உயிர்களைக் காக்கக்கூடியது. கவிழ்ந்த பெட்டிகள்மேல் இன்னொரு வண்டி மோதினால் காப்பாற்றப் போனவர்களும் மிஞ்சமாட்டார்கள்.

இதற்காகக் கார்டிடம் சிவப்புக் கொடி, கைவிளக்கு, டெட்டனேட்டர்கள் இருக்கும். தண்டவாளத்தில் பொருத்தும் டெட்டனேட்டர், சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். கொடி தெரியாத மழையிலும் சத்தம் கேட்கும். மீட்டர் பாதையில் நின்றுபோன வண்டியிலிருந்து 400 மீட்டரில் ஒன்று, 800 மீட்டரில் மூன்று வைக்க வேண்டும். வேகம் கூடிய அகலப் பாதையில் இத்தூரங்கள் 600, 1,200 மீட்டர். 2004 ஜூலை 1-இல் கடைசி மீட்டர் பாதை மின்சார வண்டி ஓடி முடிந்தபின், சரளைக் கல்லில் இருட்டிலும் கார்டு ஓட வேண்டிய தூரம் ஒன்றரை மடங்கானது. வாக்கி-டாக்கி வந்த பின்னும் டெட்டனேட்டர் கைவிடப்படவில்லை.

1956 நவம்பர் 23 அதிகாலை, எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியே சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையே நாடு நினைவில் வைத்திருக்கிறது. விளக்கும் டெட்டனேட்டரும் ஏந்தி மழை இரவில் தடம் பார்த்து நடக்கும் ரோந்துப் பணியாளர் எவ்வளவு தேவை என்பதையும் அந்த விபத்து காட்டியது.

1967-இல் இத்தடத்தின் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாயிற்று. மேலே செல்லும் கம்பியைத் தொடாமல் நெருங்கினாலே உயிர் போகும். 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும். கம்பி அறுந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்த பிறகே மீட்புப் பணி தொடங்கலாம்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. புறநகர் ரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது. மின்சார ரயிலின் மோட்டார்கள் பெட்டிக்கு அடியில் அச்சுகளோடு இருப்பவை. நீர் தண்டவாளத்துக்கு மேல் ஏறினால் அவற்றுக்குள் புகக்கூடும். டெட்டனேட்டர் வைக்கக் கார்டு ஓடுவதற்கும் தடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தடமே நீருக்குள் மறையும்போது வண்டியை எடுக்காமல் நிலையத்திலேயே நிறுத்திவைப்பதுதான் பாதுகாப்பு.