கூலியும் கடையும்: மலாயாவின் ஆங்கிலக் கவிதையில் மண்ணின் சொற்கள்

போர்ட் கிள்ளான் துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்டபோது சுவெட்டன்ஹாம் என்னும் ஆங்கில நிருவாகியின் பெயரைச் சுமந்து நின்றது. 1972-இல்தான் கிள்ளான் என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. இத்துறையில் தமிழர் வந்திறங்கும் முன்பே ஒரு சொல் ஆங்கிலத்தில் குடியேறியிருந்தது: கூலி. குசராத்தின் கோலி இனப்பெயரோடு அதனை இணைப்போரும் உளர். தமிழில் அது உழைப்பின் ஊதியம். காலனியப் பதிவேட்டிலோ உழைக்கும் மனிதனின் பெயராகி, நாளடைவில் வசையுமாயிற்று.

ஆகவே மண்ணின் சொல் ஆங்கிலத்தில் நுழைவதே எதிர்ப்பு ஆகிவிடாது. வரி தண்டவும் ஆள் எண்ணவும் ஆட்சிக்கும் அச்சொற்கள் வேண்டியிருந்தன. ஆளப்பட்டவர் தம் விருப்பத்தால் எடுத்தாளும்போதே அச்சொல்லின் நிலை மாறுகிறது.

மலாயாவில் அம்முயற்சி மாணவரிடம் தொடங்கியது. 1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. நாடு அவசரகாலத்தில் இருந்தது; விடுதலையும் தொலைவில் தெரிந்தது. ஈப்போவில் வளர்ந்த வாங் கங்வு 1950-இல் 'பல்ஸ்' என்னும் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். ஆங்கில யாப்பில் மலாய், சீனச் சொற்களைக் கலந்து மலாயருக்கும் சீனருக்கும் இந்தியருக்கும் பொதுவானதொரு கவிதைமொழி சமைக்க அவரும் தோழரும் முனைந்தனர். அதற்கு இட்ட பெயர் 'எங்மால்சின்': ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றின் முதலசைகள்.

அப்பெயரில் தமிழ் இல்லை. ரப்பர்த் தோட்டங்களையும் இருப்புப்பாதைகளையும் உருவாக்கியோரின் மொழி விடுபட்டதைச் சிறு தவறென்று நான் கொள்ளவில்லை. ஆயினும் தமிழ் முற்றிலும் வெளியே நின்றதாகவும் கூறவியலாது. மலாயில் 'கெடாய்' என்பது நம் கடை. 'காப்பால்' நம் கப்பல். 'பெத்தி' நம் பெட்டி. மலாய்ச் சொல்லை நாடும் கவிஞர், அறியாமலே தமிழையும் எடுத்தாள நேரும்.

அம்முயற்சி நீடிக்கவில்லை, அதன் போதாமையைப் பின்னாளில் வாங் கங்வுவே எழுதினார். சொற்களைத் தேர்ந்து பதிப்பதால் மட்டும் ஒரு மக்களின் குரல் வந்துவிடுவதில்லை. அக்குரலைத் தமிழர் சார்பில் ஆங்கிலத்தில் ஒலித்தவர்களுள் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் முதன்மையானவர். 1981-இல் வெளிவந்த அவரது 'தி ரிட்டர்ன்' கவிதையன்று, புதினம். அதில் இந்தியாவிலிருந்து வந்து, வீடு எழுப்பி, அந்நிலத்துக்கு உரிமை பெறாமலே மறையும் பாட்டியின் பெயர் ஆங்கில எழுத்தில் பெரியதாய் என்றே நிற்கிறது.