புளியந்தோப்பு மழைநீரும் கணிப்பொறிக் கழிமுகமும்

அடைமழைக் காலத்தில் புளியந்தோப்புத் தெருக்களில் முழங்காலளவு நீர் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மழை விட்ட பின்னும் அது வடியத் தயங்குகிறதே, ஏன்? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கடலில் இருக்கிறது.

புளியந்தோப்பை ஒட்டி ஓடும் ஓட்டேரி நல்லா, பேசின் பாலத்தருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. கால்வாய் வடக்கே சென்று, கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. ஆற்றுநீர் ஒரே திசையில் ஓடும். கழிமுகத்து நீர் அப்படியன்று. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறிக் கடல்நீர் உள்ளே புகும், இருமுறை வெளியேறும். ஓதம் ஏறும் வேளையில் வெள்ளம் வந்தால் அது வடியத் தாமதமாகும். இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

1871-இல் பிரான்சின் சாங் வெனாங் இதற்கான சமன்பாடுகளை எழுதினார். அவற்றின் கருத்து எளிது. உள்ளே வந்த நீர் ஒன்று வெளியேற வேண்டும், அல்லது மட்டத்தை உயர்த்த வேண்டும். நீரின் வேகமோ மட்டச் சரிவுக்கும் தரையின் உராய்வுக்கும் ஏற்ப மாறும். ஆனால் வளைந்து நெளிந்த கரைகளுக்கு இவற்றைத் தீர்ப்பது பெரும்பாடு. ஆகவே 1885-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ், மெர்சி கழிமுகத்தைச் சிறு தொட்டியில் வடித்து, அதில் செயற்கை ஓதத்தை உண்டாக்கிப் பார்த்தார்.

நெதர்லாந்தில் பிரச்சினை உயிரைப் பற்றியது. சௌடர்சே கடலை அணையிட்டு மூடினால், அணைக்கு வெளியே புயல் வெள்ளம் எவ்வளவு உயரும்? 1918-இல் இதை ஆராய அமைந்த குழுவுக்கு நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் லோரென்ட்ஸ் தலைமை தாங்கினார். கடற்கால்களை வலைப்பின்னலாகப் பகுத்து, கையாலேயே கணக்கிட்டு, 1926-இல் அறிக்கை தந்தனர். 1932-இல் அணை மூடப்பட்டபோது, ஓத மாற்றங்கள் கணக்கோடு பெரிதும் ஒத்திருந்தன!

கணிப்பொறி செய்வதும் இதுபோன்ற வேலைதான். கழிமுகத்தின் மேல் சதுரங்கப் பலகை ஒன்றை விரித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டத்தையும் வேகத்தையும், பக்கத்துக் கட்டங்களைக் கொண்டு, சில விநாடிக்கு ஒருமுறை கணக்கிட வேண்டும். 2.5 மீட்டர் ஆழத்தில் ஓத அலை விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் செல்லும். கட்டத்தின் அகலம் 50 மீட்டரானால், எளிய முறையில் 10 விநாடிக்கு மேல் தாவக் கூடாது. அப்படியானால் ஒரு நாளுக்கு 8,640 தாவல்கள். 2,000 கட்டங்களுக்கு 1 கோடியே 72 லட்சம் கணக்குகளுக்கு மேல்! நீண்ட தாவல்களுக்கு இடந்தரும் முறையொன்றை 1967-இல் யான் லீண்டர்ட்சே அமெரிக்காவில் வெளியிட்டார்.

2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது நகரும் பாதையை ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்தது.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கழியின் ஆழத்தைக் கணிப்பொறி தானாக அறியாது. நாம்தான் அளந்து சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததை மீனவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2.5 மீட்டர் ஆழம் 1.6 மீட்டராகத் தூர்ந்தால், அலையின் வேகம் 5-இலிருந்து 4 மீட்டராகக் குறையும். உராய்வின் தடையோ மிகும். பழைய ஆழத்தைக் கொடுத்தால், எத்தனை கோடிக் கணக்குப் போட்டாலும் பழைய கழிக்குரிய விடைதான் வரும். புளியந்தோப்பில் நிற்கும் நீரோ இன்றைய கழியை நோக்கியல்லவா வடிய வேண்டும்? ஆகவே கணக்கின் முதல் படி, படகில் சென்று ஆழம் பார்ப்பதே.