மனவுளைச்சல்: உடலின் அபாய மணியை நிறுத்துவது எப்படி?

இரவு 10.30 மணி. படுக்கப் போகிறீர்கள். கைப்பேசியில் "டிங்". வேலையிட வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல்.

"நாளைக்குப் பார்த்தால் போதும்" என்றுதான் இருக்கிறது. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. தூக்கம் போயே போச்சு!

ஒரு சின்னத் தகவலுக்கு உடல் ஏன் இப்படிப் பதறுகிறது?

உடலில் என்ன நடக்கிறது?

ஆபத்து வந்தால் எதிர்த்து நில், இல்லாவிட்டால் ஓடு. அதற்கு உடல் தன்னைத் தயார்செய்யும் விதத்தை அமெரிக்க உடலியல் நிபுணர் வால்ட்டர் கேனன் 1915ஆம் ஆண்டு விளக்கினார்.

சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், செரிமானம் மெதுவடையும். அடுத்து கார்ட்டிசோல் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி உடலுக்குச் சக்தி தரும்.

தேர்வுக்கு முன் கொஞ்சம் பதற்றம் இருந்தால் நல்லதுதான். கவனம் கூடும்.

சிக்கல் எங்கே? துரத்தும் நாய் போய்விட்டால் மணி தானாக நின்றுவிடும். ஆனால் வேலைக் கெடு, தேர்வு முடிவு, வீட்டுக் கடன் எல்லாம் அப்படிச் சட்டென்று போகாது. மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

மாதக்கணக்கில் அப்படி நீடித்தால் தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு ஆகியவை வரலாம். உயர் ரத்த அழுத்தத்துக்கான அபாயமும் கூடும்.

மணியை எப்படி நிறுத்தலாம்?

- மூச்சு: 4 எண்ணும்வரை உள்ளே இழுங்கள், 6 எண்ணும்வரை வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். எம்ஆர்டியில் நின்றுகொண்டே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

- நடை: பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஜிம் கட்டணம் எல்லாம் வேண்டாம். இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி வேகமாக நடந்தாலும் கணக்குதான்.

- கோப்பி: குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகலாம். மாலை 5 மணிக்குக் குடித்த 'கோப்பி ஓ' இரவு 10 மணிக்கும் உங்களோடுதான் இருக்கும்!

- தூக்கம்: பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை. கைப்பேசியை வரவேற்பறையில் சார்ஜ் போடுங்கள். எழுப்ப ஒரு கடிகாரம் போதும்.

எல்லாம் நம் கையில்தானா?

இல்லை. வேலைப் பளு அதிகமாக இருந்தால் மூச்சுப் பயிற்சி மட்டும் அதைக் குறைக்காது.

வேலையிட மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளியானது. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் தகவல்களுக்கு எப்போது பதிலளிக்கவேண்டும் என்பதில் நிறுவனங்கள் தெளிவான கொள்கை வைத்திருக்கவேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. அது சட்டமல்ல. ஆனால் "அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள், மற்றதைக் காலையில் பார்க்கிறேன்" என்று மேலாளரிடம் பேச்சை ஆரம்பிக்க உதவும்.

வாழ்க்கையை ரசிப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அபாய மணி அடிக்கும்போது கவனம் முழுக்க ஆபத்தின் மீதே இருக்கும். தேக்காவில் சாப்பிட்ட பிரியாணியின் ருசி நினைவிருக்காது, அம்மா சொன்னது காதில் ஏறாது. அதனால் நாளுக்கு ஒரு வேளையாவது கைப்பேசி இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து.

எப்போது உதவி நாடவேண்டும்?

சோர்வு, பயம், தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ வேலை, படிப்பு பாதிக்கப்பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்திலிருந்தே தொடங்கலாம். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலுக்கு மருந்தகம் போக யாரும் யோசிப்பதில்லையே!

உதவிக்கு, 24 மணி நேரமும்:

- தேசிய மனநல உதவி எண் - 1771
- சிங்கப்பூர் அபயஆலோசனைச் சங்கம் - 1767
- மனநலக் கழகம் - 6389 2222

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995ஐ அழையுங்கள்.